இடுப்பளவு மலை

செபமாலைமுத்து நடத்திய போட்டி நாறிப்போன கதை லண்டன் கோலியர்ஸ் வுட்டில் இருக்கிற தமிழ்ச் சனத்துக்கெல்லாம் திங்கட்கிழமையே தெரிந்துவிட்டது. மனிதர் மட்டும் அசையவில்லை. ‘இறையருளால் போட்டி இனிதே நடந்தேறியது’ என்று கோயில் பங்கின் வட்ஸ்அப் குழுவில் எழுதி, தான் யாருக்கோ பொன்னாடை போர்த்துகிற படத்தையும் போட்டிருந்தார். சபைப் பெரியவர்கள் வரிசையாகக் கைகூப்பினார்கள். மோட்டார் சைக்கிள் ஓட்டிய பிள்ளைகளில் ஒருவர்கூடக் கைகூப்பவில்லை. அவர் மனைவி அஞ்சலீனா அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். பிள்ளைகள் அடுத்த வருடம் வராமல் விட்டால் என்ன செய்வது?

போட்டி என்றால் மலையேற்றப் போட்டி. லண்டனுக்கு வெளியே, சறேப் பக்கம் ஒரு வெள்ளைக்காரரின் பண்ணையில் புல் மூடிய செங்குத்தான குன்று ஒன்று இருக்கிறது. அடியிலிருந்து ஒவ்வொருவராகப் புறப்பட்டு மோட்டார் சைக்கிளிலேயே உச்சிக்கு ஏற வேண்டும். ஆளுக்கு மூன்று ஓட்டம். அதில் ஆக விரைவாக ஏறியவருக்குக் கிண்ணம். கிண்ணத்தின் மரப்பீடத்தில் ஒரு பித்தளைத் தகடு, அதில் ‘செ. றொனால்ட் ஞாபகார்த்தம்’ என்று வெட்டியிருக்கும். றொனால்ட் அவர்கள் இருவரும் பெற்ற ஒரே பிள்ளை.

அவன் அந்தக் குன்றில் ஏறி விழுந்து விளையாடிய காலத்தில் அஞ்சலீனா பயந்த பயம் சொல்லி வேலையில்லை. அங்கே அவனுக்கு ஒரு கீறல் படவில்லை. மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போன ஒரு காலையில், வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், சமதரையான சந்தியில், திரும்பிய லொறிக்காரன் அவனைக் காணவில்லை. அவ்வளவுதான். கடவுளிடம் கேட்பதற்கு அவளிடம் நிறைய இருக்கிறது, அதை நேரில் கேட்டுக்கொள்வாள்.

பிள்ளை போன பிறகு சனம் அவளுக்குச் செய்த உபகாரம், அவன் பெயரைச் சொல்லாமல் விட்டதுதான். பெயரைக் கேட்டால் தாய் உடைந்துவிடுவாள் என்று எல்லாரும் தங்களுக்குள் பேசி வைத்தாற்போல இருந்தார்கள். பூசை முடிந்து வெளியே வந்தால் மழையைப் பற்றிக் கதைப்பார்கள், வீட்டு விலையைப் பற்றிக் கதைப்பார்கள், அவளைக் கண்டால் தங்கள் பிள்ளைகளின் கதையைக்கூடப் பாதியில் விழுங்கிவிடுவார்கள். வீட்டிலும் அப்படித்தான். செபமாலைமுத்து மகனைத் ‘தம்பி’ என்பாரே தவிர அதற்கு மேல் வாய் திறக்கமாட்டார்.

வருடத்தில் ஒரே ஒரு நாள், அந்தக் குன்றடியில், ஒலிவாங்கியில் றொனால்ட் என்ற பெயர் பலமாகக் கேட்கும். ‘இந்த முறை றொனால்டை ஆர் வீட்டை கொண்டு போறது?’ என்று இளசுகள் கிண்ணத்தைக் காட்டி ஒருவரையொருவர் சீண்டிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்குத் தேன். அந்த ஒரு நாளைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மற்ற நாட்களை ஓட்டி வந்தாள். அதைத்தான் இந்த மனிதர் போட்டுடைத்திருந்தார்.

செபமாலைமுத்துவுக்குத் தெரிந்ததெல்லாம் பங்குத் திருவிழா நடத்துவது. மோட்டார் சைக்கிள் போட்டியையும் அப்படியே நடத்தினார். முதலில் சுவாமியார் வந்து ஒவ்வொரு சைக்கிளாக மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். பிறகு மெழுகுதிரி ஏற்றினார்கள், காற்று அணைத்தது, திரும்ப ஏற்றினார்கள், திரும்ப அணைத்தது. பிறகு மௌன அஞ்சலி. பிறகு பங்குச் செயலாளர் ஞானரட்ணம் வரவேற்புரை என்று எழும்பி, தமிழர் லண்டனுக்கு வந்த வரலாற்றுக்குள் இறங்கிவிட்டார். கவச உடுப்போடு வெயிலில் நின்ற பிள்ளைகள் அவிந்துபோனார்கள். இவ்வளவும் முடிந்தும் போட்டி தொடங்கவில்லை. நாடா வெட்ட வேண்டிய பிரதம விருந்தினர் வெஸ்ட் ஈலிங்கிலிருந்து வந்துகொண்டிருந்தார், வந்துகொண்டே இருந்தார். அவருடைய கார் பண்ணைக்குள் நுழையவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது.

நாடா வெட்டியதும், சாப்பாட்டுப் பார்சல் ஆறிவிடும், முதலில் சாப்பிடுங்கோ என்றார்கள். சாப்பிட்டு எழும்பியதும், நேரம் போய்விட்டது, ஆளுக்கு ஒரு ஓட்டம்தான் என்றார்கள். நன்றியுரையை மட்டும் ஒருவரும் குறைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் கதவு தட்டப்பட்டது. அஞ்சலீனா திறந்தாள். ஜெஸ்ரின் நின்றான். றொனால்டோடு பள்ளிக்கூடம் போனவன், இப்போது மின்சார வேலை செய்கிறவன். கிண்ணம் இந்த முறை அவனுக்குத்தான் போயிருந்தது. அதை ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுவந்திருந்தான். பின்னால் அர்ஜுன், கணுக்காலில் பட்டி சுற்றி நொண்டிக்கொண்டு. அவனுக்குப் பின்னால் மேனுஷா, அந்தக் கூட்டத்தில் மலையேறுகிற ஒரே பெண்பிள்ளை. மூன்று பேரின் முகத்தையும் பார்த்ததுமே எதற்கு வந்திருக்கிறார்கள் என்று அஞ்சலீனாவுக்கு விளங்கிவிட்டது.

முன்னறையில் செபமாலைமுத்து ரீவியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜெஸ்ரின் கிண்ணத்தை மேசையில் வைத்தான்.

“உங்களை நோகப்பண்ண வரேல்லை அங்கிள். ஆனா சொல்லாமலும் இருக்கேலாது.”

“சொல்லுங்கோவன்,” என்றார் அவர்.

அர்ஜுன்தான் தொடங்கினான். “எனக்குக் கடைசி நம்பர் அங்கிள். முன்னுக்குப் போன ஆக்கள் எல்லாம் உழுது போட்டுட்டினம். நான் போகேக்க புல்லே இல்லை, வெறும் சேறு. மூண்டு ஓட்டம் எண்டால் அடுத்த முறை கடைசி ஆளை முதல் விடுவினம், சரிக்குச் சரியாய்ப் போயிடும். ஒண்டோட நிப்பாட்டினா நான் என்ன செய்யிறது? விழுந்ததுதான் மிச்சம்.”

“என்ர கதையைக் கேளுங்கோ,” என்றாள் மேனுஷா. “கீழ நிண்ட அங்கிள் ‘விட்டாச்சு’ எண்டு போனில சொல்ல, மேல நிண்ட அங்கிள் அதைக் கேட்டு நேரம் எடுக்கிறார். நான் பாதி ஏறேக்க சிக்னல் போயிட்டுது. அதுக்கு அவர் எனக்கு முன்னுக்குப் போன ஆளின்ர நேரத்தையே எனக்கும் போட்டுட்டார். ஏன் அங்கிள் எண்டு கேட்டா, ‘ரெண்டு பேரும் ஒரே மாதிரித்தானே பிள்ளை போனனீங்கள்’ எண்டு சொல்லுறார்.”

வேறு நேரமாக இருந்தால் அஞ்சலீனா சிரித்திருப்பாள்.

ஜெஸ்ரின் தலையைக் குனிந்துகொண்டு பேசினான். “எல்லாத்தையும் விடுவம். முடிவுக் கொடி உச்சியில நிக்க வேணும். போன வருசமே கொஞ்சம் கீழ நிண்டது. இந்த முறை பாதி வழியில, வேலிக்குக் கிட்ட. மலையின்ர இடுப்பு வரைக்கும் ஏறுறதுக்கு ஒரு போட்டியோ அங்கிள்? நான் உச்சியைத் தொடவே இல்லை. தொடாமல் இதை வீட்டில வைச்சிருக்க வெக்கமாய்க் கிடக்கு. றொனால்ட் இருந்தா என்னைக் கேலி பண்ணியே சாகடிச்சிருப்பான்.”

பெயர் வந்துவிட்டது. அஞ்சலீனா சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தாள்.

“செப்டெம்பரில நாங்களே திரும்ப நடத்துறம்,” என்றான் ஜெஸ்ரின். “நேரம் எடுக்கிற மெஷின், முதலுதவிக்காரர், எல்லாம் நாங்கள் பாக்கிறம். நீங்கள் வந்து முன்னுக்கு இருங்கோ. கிண்ணத்தைக் குடுங்கோ. நடத்துறதை மட்டும் எங்களிட்ட விடுங்கோ.”

“விடாட்டில்?”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மேனுஷாதான் சொன்னாள். “விடாட்டில் இனி ஒருத்தரும் வரமாட்டம் அங்கிள்.”

அதற்கு மேல் அஞ்சலீனாவால் பொறுக்க முடியவில்லை. “விடுங்கோவனப்பா,” என்று புருசன் மேல் பாய்ந்தாள். “தெரியாத வேலையில தலையைக் குடுத்துப் பிள்ளையளைச் சேறாக்கினது காணும். நாடாவும் பொன்னாடையும் ஆர் கேட்டது? அவையள் அவன்ர சிநேகிதர். அவையள் நடத்தட்டும்.”

அவர் வழக்கம்போல உறுமுவார், பங்குச்சபையில் எத்தனை வருட அனுபவம் என்று தொடங்குவார் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். அவர் உறுமவில்லை. கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போன் விசயம் ஞானரட்ணத்தின்ர மொக்கு வேலை,” என்றார் கடைசியில். “அதுக்கு நான் பொறுப்பில்லை. கொடியை இறக்கி வைச்சது நான்.”

“ஏன் அங்கிள்?”

“விருந்தாளிக்கு நேரத்தைப் பிந்திச் சொன்னதும் நான்தான். மூண்டை ஒண்டாக்கினதும் நான்தான். தெரியாமல் செய்யேல்லை.”

அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டு போனார்.

“நீங்கள் எல்லாரும் கீழ நிண்டு பகிடி விடேக்க எனக்கு நல்லாயிருக்கும். அப்பிடியே நிண்டால் காணும் எண்டிருக்கும். ஒருத்தன் வெளிக்கிட்டுப் போற சத்தம் கேட்டால் எனக்கு மூச்சு நிண்டிடும். அண்டைக்குக் காலமை நான் மேல்மாடியில சவரம் செய்துகொண்டு நிண்டனான். தம்பி போற சத்தம் கேட்டது. வாற சத்தம் இன்னும் கேக்கேல்லை.”

மேனுஷா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அஞ்சலீனாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். ஒரே கட்டிலில் படுத்து எழும்புகிற மனிதர், இதை இத்தனை காலமும் தனக்குச் சொல்லாமல் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்திருக்கிறாரே என்ற கோபம். அதற்குப் பின்னால் இரக்கமும் வந்தது. ஆனால் அவர் அடுத்துச் சொன்னதில் அந்த இரக்கம் பறந்துவிட்டது.

“நீங்களே நடத்துங்கோ. நல்லாச் செய்வீங்கள், எனக்குத் தெரியும். உச்சி வரைக்கும் ஏறுங்கோ. கிண்ணத்தையும் கொண்டு போங்கோ. அந்தத் தகட்டை மட்டும் கழட்டித் தந்திட்டுப் போங்கோ.”

“அங்கிள், பேர் இருக்கட்டும். பேரில எங்களுக்கு ஒரு மனக்குறையும் இல்லை,” என்றான் ஜெஸ்ரின் பதறிப்போய்.

“எனக்கு இருக்கு, மோனை. ஏறினா ஆரோ ஒருத்தர் விழத்தான் செய்வினம். என்ர பிள்ளையின்ர பேரைச் சொல்லி ஏறி, இன்னொருத்தற்ற பிள்ளை விழுந்து கிடக்கிறதை நான் பாக்கமாட்டன்.”

“தகட்டில ஆரும் கை வைக்கப்பிடாது,” என்றாள் அஞ்சலீனா. எழும்பிப் போய்க் கிண்ணத்தைத் தூக்கினாள். “சொல்லிப்போட்டன்.” அதைக் கொண்டுபோய்க் குசினி அலுமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். பிள்ளைகள் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்தது சண்டை என்று சொல்வதற்கில்லை. சண்டை என்றால் இரண்டு பேர் பேச வேண்டும். அவள் பேசினாள், அவர் கேட்டார்.

“உங்களுக்குப் பயமெண்டால் நீங்கள் வராதேங்கோ. வீட்டில இருங்கோ. அவன்ர பேரை என்னட்டயிருந்து ஏன் பறிக்கிறியள்?”

“நான் பறிக்கேல்லை.”

“வருசத்தில ஒரு நாள் அவன்ர பேரை வாய் விட்டுச் சொல்லுறது அந்தப் பிள்ளையள்தான். நீங்களே சொல்லுறேல்லை.”

“நான் ஒவ்வொரு நாளும் சொல்லுறன்,” என்றார் அவர் மெல்ல. “மனசுக்கை.”

“மனசுக்கை சொன்னா எனக்கு என்னெண்டப்பா கேக்கும்?”

அவர் தட்டிலிருந்த சோற்றை அளைந்துவிட்டு எழும்பிப் போனார். அவளும் சாப்பிடவில்லை. கோடை அப்படியே போனது. ஒருவருக்கொருவர் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார்கள், மருந்தை நினைவுபடுத்தினார்கள், அதற்கு மேல் கதை இல்லை.

ஓகஸ்ட் கடைசியில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கையில், ஜெஸ்ரினின் தாய் துசியந்தி பக்கத்தில் வந்து அமர்ந்தாள். அஞ்சலீனாவுக்கு நியாயம் கேட்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. நடந்ததைச் சொல்லித் தீர்த்தாள். தகட்டைக் கழற்றச் சொல்கிறார், பிள்ளையின் பெயரையே வேண்டாம் என்கிறார், இப்படியும் ஒரு தகப்பன் இருப்பாரா, நீயே சொல்லு என்றாள். ஜெஸ்ரின் கிண்ணத்தைக் கேட்டு வரும்போது பெயரை விடமாட்டோம் என்று உறுதியாக நிற்கச் சொல்லு என்றும் சொன்னாள்.

துசியந்தி கோப்பையைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். வழக்கமாக எல்லாவற்றுக்கும் ‘ஓமக்கா, ஓமக்கா’ என்கிறவள்.

“அக்கா, ஒண்டு சொன்னா கோவிக்கமாட்டியளோ?”

“சொல்லன்.”

“அந்தப் போட்டி நாளில நான் பச்சைத் தண்ணி வாயில வைக்கிறேல்லை. அவன் வெளிக்கிட்ட நேரத்தில இருந்து சாமிப் படத்துக்கு முன்னால முழந்தாளில நிப்பன். அவன் வந்து வாசலில கால் வைச்ச பிறகுதான் எழும்புவன்.”

அஞ்சலீனா கோப்பையைக் கீழே வைத்தாள். “இவ்வளவு பயமெண்டால் ஏன்டி எனக்கொரு சொல்லுச் சொல்லேல்லை?”

“என்னெண்டக்கா சொல்லுறது?” துசியந்தியின் கண் நிறைந்துவிட்டது. “உங்கட பிள்ளையின்ர பேரில நடக்கிறது. அதுக்கு என்ர பிள்ளையை விடமாட்டன் எண்டு உங்களுக்கு முன்னால நிண்டு சொல்ல எனக்கு வாய் வருமோ? என்ர பிள்ளை உயிரோட இருக்கிறான் அக்கா.”

பக்கத்து மேசையில் யாரோ வீட்டு விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“அவனுக்கு மலை விருப்பம்தான்,” என்று துசியந்தி மூக்கைத் துடைத்தாள். “அவன் போகத்தான் போறான், மறிச்சாலும் நிக்கமாட்டான். ஆனா போகாத எண்டு ஒருக்காச் சொல்லிப் பாக்கவாவது எனக்கு ஒரு வாய் வேணுமே. மேனுஷான்ர அம்மாவும் இதைத்தான் சொல்லி அழுறவ. உங்கட முகத்துக்காக நாங்கள் ஒருத்தரும் மூச்சு விடுறேல்லை.”

அஞ்சலீனா அவள் கையைப் பிடித்தாள். தன் பிள்ளையின் பெயர் இத்தனை தாய்மாரின் வாயைப் பொத்தி வைத்திருந்தது அவளுக்குத் தெரியாமல் போயிற்று. அவன் உயிரோடு இருந்த நாட்களில் எத்தனை தரம் ‘அந்தக் கோதாரி மலைக்குப் போகாதையடா’ என்று தொண்டை கிழியக் கத்தியிருப்பாள். கத்துகிற உரிமை அவளுக்கு இருந்தது. அந்த உரிமையைத்தான் அவள் இவர்களிடமிருந்து எடுத்துவிட்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சேலைகூட மாற்றவில்லை. குசினி அலுமாரியிலிருந்து கிண்ணத்தை இறக்கினாள். திருப்புளியைத் தேடி எடுத்தாள். முதல் திருகாணி இலேசாக வந்தது. இரண்டாவது துருவேறி இறுகியிருந்தது. திருப்புளி வழுக்கி விரலைக் கீறியது. விடவில்லை, விரலைச் சூப்பிக்கொண்டு திரும்பவும் முறுக்கினாள். செபமாலைமுத்து வாசலில் வந்து நின்றார். கிட்டே வந்து கிண்ணத்தை ஆடாமல் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமாகத்தான் அதைக் கழற்றினார்கள்.

“நீர் ஏன் மனம் மாறினனீர்?” என்று கேட்டார்.

“உங்களுக்காக இல்லை,” என்றாள் அவள். தகட்டை அவர் கையில் வைத்தாள். பிறகு அவர் தோளில் முகத்தை வைத்து, பிள்ளையைப் புதைத்த அன்று அழுததைப் போல அழுதாள்.

புதன்கிழமை ஜெஸ்ரின் வந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போனான். பீடத்தில் இருந்த இரண்டு ஓட்டையையும் பார்த்தான். போகும்போது அவளைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனான்.

செப்டெம்பரில் போட்டி நடந்த அன்று இவர்கள் போகவில்லை. போகிறீர்களா என்று கேட்டவர்களுக்கு வேலை இருக்கிறது என்றார்கள். என்ன வேலை? செபமாலைமுத்து போன கிழமை வெட்டிய புல்லைத் திரும்ப வெட்டினார். அஞ்சலீனா தோய்த்த உடுப்பைத் திரும்பத் தோய்த்தாள். வானம் வெளித்துக் கிடந்தது, மழைக்குரிய அறிகுறி ஒன்றும் இல்லை. பின்னேரம் போன் அடித்தபோது தோட்டத்தில் புல்வெட்டி நின்றுவிட்டது.

“ஆன்ரி, முடிஞ்சுது,” என்றான் ஜெஸ்ரின். பின்னால் ஒரே கூச்சலும் சிரிப்புமாக இருந்தது. “மூண்டு ஓட்டமும் ஓடினம், உச்சி வரைக்கும். மேனுஷாதான் கிண்ணத்தைத் தூக்கினவள். எங்கள் எல்லாரையும் மண் கவ்வ வைச்சிட்டாள்.”

“எல்லாரும் இறங்கீற்றினமோ?”

“ஓம் ஆன்ரி. எல்லாரும் கீழதான் நிக்கிறம்.”

அவள் வாசலில் நின்ற புருசனைப் பார்த்துத் தலையாட்டினாள். அவர் அப்படியே படியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

“அம்மாவுக்குச் சொல்லிப்போட்டியோ?”

“இன்னும் இல்லை. உங்களுக்குத்தான் முதல் எடுத்தனான். எப்பவும் உங்களுக்குத்தானே ஆன்ரி முதல் சொல்லுறது.”

“வை, மோனை,” என்றாள் அஞ்சலீனா. “முதல் அம்மாவுக்கு எடு. இனி எப்பவும் அம்மாவுக்குத்தான் முதல் எடுக்க வேணும்.”

போனை வைத்துவிட்டு அவளும் போய்ப் படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அங்கே ஒலிவாங்கியில் இன்று யாரும் அவள் பிள்ளையின் பெயரைச் சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வாய் விட்டு, “றொனால்ட்,” என்றார். அவள் “ஓம்,” என்றாள்.